செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

ஒட்டப்புளி சப்-கோர்ட்டில் கேமரா மாட்ட வந்தவர்கள் சுவரில் நாலு ஓட்டை போட்டு, கேமராவைப் பொருத்தி, தூசி படியாமல் இருக்க அதன் தலையில் ஒரு ஜவுளிக்கடைப் பையைக் கவிழ்த்துவிட்டு, பெரிய இடத்திலிருந்து உத்தரவு வந்ததும் பையை எடுத்துவிடலாம், அப்புறம் கோர்ட்டில் நடக்கிறதை அவரவர் வீட்டில் இருந்தபடியே கைபேசியில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போன ஒன்பதாம் நாள், ஒரு புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு, கீழத்தெருக் குழாயில் தண்ணீரோடு சேர்ந்து கோர்ட்டும் வந்தது. முதலில் எப்போதும்போல் காற்று வந்தது, பிறகு செம்மண் கலங்கலாகத் தண்ணீர் வந்தது, அதன் பின்னாலேயே கோர்ட்டு வாசலில் நிற்கும் டவாலி யாரையோ மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் வந்தது, அப்புறம் ஒரு வக்கீல் தொண்டையைச் செருமினார். குழாயடியில் வரிசையில் நின்றவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"ஏட்டி, தண்ணி வருதா, கேஸு வருதா?" என்று பின்னால் நின்றவள் கேட்டாள்.

"ரெண்டுந்தான் வருது. இரு, குடம் நெறையட்டும்" என்றாள் முன்னால் நின்றவள்.

காரணம் என்ன என்று கேட்டால், கேமராவுக்குச் சுவரைக் குடைந்தவன் உள்ளே ஓடும் தண்ணீர்க் குழாயையும் சேர்த்துக் குடைந்துவிட்டான் என்றார் நகராட்சி பிட்டர். அந்தச் சுவருக்குள் குழாயே கிடையாது என்று மறுநாள் சொன்னவரும் அதே பிட்டர்தான். அதற்குமேல் காரணத்தைத் துருவிக்கொண்டிருக்க எங்களுக்கு நேரமில்லை, ஏனென்றால் எங்கள் ஊரில் ஒரு தெருவுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் தண்ணீர், அதுவும் பதினொன்றிலிருந்து ஒன்றரை வரைக்கும்தான், மேலத்தெருவுக்குத் திங்கள், பொட்டல் தெருவுக்குச் செவ்வாய், கீழத்தெருவுக்குப் புதன் என்று முறை வைத்து விடுவார்கள், அந்த இரண்டரை மணி நேரத்துக்குள் வாரம் முழுவதுக்கும் குடிக்க, சமைக்க, அலச, எல்லாவற்றுக்கும் பிடித்தாக வேண்டும். பிடிக்கிற தண்ணீரில் ஜீவனாம்ச வழக்கு வந்தால் என்ன, வரப்புத் தகராறு வந்தால் என்ன?

ஆனால் இரண்டு வாரத்துக்குள் ஊர் அதன் நெளிவு சுளிவையெல்லாம் கற்றுக்கொண்டுவிட்டது. குடத்தில் பிடித்து மூடி வைத்த தண்ணீர் சும்மா கிடக்கும், சாய்த்து ஊற்றும்போது மறுபடியும் பேசும், ஒரே ஒரு முறைதான் பேசும், ஊற்றிய தண்ணீரை அள்ளி மீண்டும் ஊற்றினால் வெறும் தண்ணீர்தான். இதைக் கண்டுபிடித்த பிறகு நல்ல சண்டையுள்ள வழக்குகளை எடுத்து வைத்து, சொந்தக்காரர்கள் வரும்போது ஊற்றிக் காட்டினார்கள். மேலத்தெருக்காரர்கள் திங்கட்கிழமைக் குறுக்கு விசாரணை ஒரு குடத்தைக் கொடுத்துப் புதன்கிழமைத் தீர்ப்பு அரைக் குடம் வாங்கிப் போனார்கள். குரல் மட்டும்தான் வரும், முகம் வராது என்று தெரிந்தும் வக்கீல்கள் கோட்டை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தார்கள், சாதாரண வாய்தா கேட்பதற்குக்கூட மேடைப் பேச்சுப்போல் குரலை ஏற்றி இறக்கினார்கள். யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உலையில் அரிசி போட்டுவிட்டு அடுத்த தெருவுக்கு ஓடிக் கேட்டுவிட்டு வருவதற்குள் சோறு குழைந்துபோகும், அந்தக் குழைந்த சோற்றைத் தின்றுகொண்டே புருஷன்மார்கள் அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பார்கள்.

எல்லாம் சிரிப்பாகவே போய்விடவில்லை. ஒரு சின்னப் பெண் தன் சித்தப்பன் செய்த காரியத்தைச் சொல்ல வந்த நாளில், அந்தச் சித்தப்பன் வீடு இருக்கிற தெருவிலேயே அது ஒழுகியது, அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவளை எடுத்து வளர்த்த தெரு குடங்களோடு நின்று கேட்டது, அடுத்த வாரம் அவள் அம்மா குழாயடிக்கு வந்து யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல் குடத்தை வைத்தாள். எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதன்பிறகு பெண்பிள்ளைகள் வழக்கு வந்தால் குழாய் வாயில் நாலு மடிப்பாகத் துணியைக் கட்டிவிடுவது என்று யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்காமலேயே ஒரு வழக்கம் வந்துவிட்டது. துணி கட்டினால் தண்ணீர் மட்டும் வரும், பேச்சு தூரத்து முணுமுணுப்பாக அமுங்கிப்போகும். அப்படியும் துணியைத் தளர்த்திவிட்டுக் கேட்டவர்கள் இருந்தார்கள், ஊர் என்றால் எல்லாரும்தானே?

சப் ஜட்ஜ் சிதம்பரதாணுவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் வந்த பிறகுதான் எங்கள் கோர்ட்டில் வழக்குகள் முடியவே தொடங்கின. தாத்தா போட்ட வழக்குக்குப் பேரன் வாய்தாவுக்கு அலைந்துகொண்டிருந்த ஊரில் அவர் வாய்தா கொடுக்க மாட்டார், பத்தரை என்றால் பத்தரைக்கு நாற்காலியில் இருப்பார், கை நீட்ட மாட்டார், ஒரு நாளில் பத்துச் சாட்சியை முடிப்பார். சிதம்பரதாணு மாதிரி ஒரு ஜட்ஜ் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நாங்களே பக்கத்து ஊர்க்காரர்களிடம் பீற்றிக்கொண்டிருந்தோம். குழாயில் கேட்க ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பத்துச் சாட்சி எப்படி முடிகிறது என்று தெரிந்தது.

கோர்ட்டில் சாட்சி சொல்வது அப்படியே எழுத்தாவதில்லை. சாட்சி பேசுவார், ஜட்ஜ் அதைக் கேட்டு, தேவையானது என்று தனக்குப் படுவதைச் சுருக்கி, பக்கத்தில் இருக்கிற டைப்பிஸ்ட்டுக்குத் தணிந்த குரலில் சொல்வார், டைப்பிஸ்ட் அடிப்பார், கீழே சாட்சி கையெழுத்துப் போடுவார், பிற்பாடு உலகத்துக்கே அந்தத் தாள்தான் சாட்சி. கூண்டில் நிற்கிறவருக்கும் பின்பெஞ்சில் இருக்கிறவருக்கும் கேட்காத அந்தத் தணிந்த குரல் குழாயில் கணீரென்று கேட்டது. "அவ அரை மணி நேரமா அழுது அழுது சொல்றா, இவரு ஒண்ணேகால் வரியில முடிச்சுட்டாரே" என்று ஒருத்தி சொன்னாள். அன்றிலிருந்து குழாயடியில் இரண்டு கோர்ட்டைப் பற்றிப் பேசினார்கள், பேசுகிற கோர்ட்டு ஒன்று, எழுதுகிற கோர்ட்டு ஒன்று, அந்த இரண்டும் ஒரே கோர்ட்டா என்று.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஜட்ஜ் குடியிருந்தது மேலத்தெருவில், அவர் வீட்டம்மாவும் திங்கட்கிழமை தண்ணீர் பிடிக்கிறவர்தான். ஒரு திங்கள் சாப்பாட்டின்போது அந்த அம்மா, "அந்தப் பொண்ணு 'அடிச்சான்'னு மூணு தடவ சொன்னா. நீங்க ஒரு தடவதான் எழுதச் சொன்னீங்க" என்று சொன்னார் என்றும், அவர், "மூணு தடவ எழுதினா மட்டும் அடி கூடிருமா?" என்று கேட்டார் என்றும், அந்த அம்மா மோரை ஊற்றினார் என்றும், ஊற்றிய மோரில் மத்தியானத்து விசாரணை மறுபடியும் கேட்டது என்றும் அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் சொன்னாள். பாதியை அவள் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இந்த நேரத்தில்தான் கொம்பையாவின் வழக்கு வந்தது.

கொம்பையா ஊருக்கு மேற்கே இருக்கிற கல்குவாரியில் மேஸ்திரி. போன ஐப்பசியில் குவாரியில் மருந்து வெடித்து இரண்டு பேர் செத்துப்போனார்கள். நனைந்த வெடிமருந்தை வெயிலில் காயப்போட்டதுதான் காரணம். காயப்போடச் சொன்னது மேஸ்திரி கொம்பையா என்று முதலாளி சொன்னார், போலீஸ் எழுதிக்கொண்டது, கொம்பையா சிறைக்குப் போனான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது எங்கள் குவாரிப் பக்கம் புதிதும் இல்லை. குற்றம் உறுதியானால் எட்டு வருஷத்துக்குக் குறையாது என்று அவனுடைய வக்கீல் பரஞ்சோதி சொல்லியிருந்தார், கொம்பையாவின் பெண்டாட்டி முத்திருளாயி அந்த எட்டைத் தன் இரண்டு பிள்ளைகளின் வயதோடு கூட்டிப் பார்த்தாள். அவளுக்கு இருந்த ஒரே பிடி சூசைராசு. சூசைராசு அன்று குவாரியில் கூட நின்றவன், கல்தூசி தின்று தின்று நுரையீரல் கெட்டுப்போனவன், நாலு சொல்லுக்கு ஒரு இருமல் வரும். முதலாளியின் ஆட்கள் இரண்டு முறை வீடு தேடி வந்தும், "சாகப்போறவன எதச் சொல்லி மிரட்டுவீக?" என்று கேட்டு அனுப்பிவிட்டான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நிறுத்த, சூசைராசு கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாட்சி சொன்னான்.

"அய்யா, அன்னைக்கு கொம்பையாண்ணன் மருந்து ரூமத் தொறக்கவே இல்ல. சாவி அவருகிட்ட இல்லய்யா. மொத நாளே முதலாளி வாங்கி இடுப்புல சொருகிட்டுப் போயிட்டாரு. காலையில அவரேதான் வந்து தொறந்தாரு. நனஞ்ச மருந்த வெயில்ல பரப்புங்கடான்னு அவருதான் சொன்னாரு. அண்ணன் வேணாம் மொதலாளின்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. நான் பாத்தேன்."

பின்பெஞ்சில் இருந்த முத்திருளாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில்தான். வக்கீல் பரஞ்சோதியைப் பக்கத்து மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் வேறொரு வழக்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், ஓடினார். சிதம்பரதாணு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், இன்னும் ஐந்து சாட்சிகள் இருந்தார்கள், குரலைத் தணித்து டைப்பிஸ்ட்டிடம் சொன்னார். தாளைச் சூசைராசுவிடம் நீட்டினார்கள், அவன் இருமிக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு எப்போது வெளிக்காற்றுக்குப் போவோம் என்று தவித்து நின்றான்.

அதுதான் நாங்கள் கேட்ட கடைசிக் கோர்ட்டு. மறுநாள் புதன்கிழமை கீழத்தெருவில் தண்ணீர் விடிகாலை ஐந்து மணிக்கே வந்தது, கோர்ட்டு திறக்கும் முன்னாலேயே நின்றும் போனது. இனிமேல் எல்லாத் தெருவுக்கும் விடிகாலைதான் என்று நகராட்சியில் சொன்னார்கள். யார் சொல்லி மாற்றினார்கள் என்பதற்கு ஆளுக்கொரு பேர் சொன்னார்கள், ஜட்ஜ் என்றார்கள், வக்கீல் சங்கம் என்றார்கள், குவாரி முதலாளி என்றார்கள், காகிதத்தில் மட்டும் 'நிர்வாகக் காரணங்களுக்காக' என்று இருந்தது. ஊமைத் தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டு ஊர் என்ன செய்வதென்று தெரியாமல் அலைந்தது. பதினொரு மணியானால் பெண்கள் காய்ந்த குழாயடிக்கு வந்து நின்றார்கள், ஒருத்தி குழாய் வாயில் காதை வைத்துப் பார்த்தாள், ஆண்கள் டீக்கடையில் சம்பந்தமில்லாமல் ஒருவரையொருவர் கடித்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை மதியம் சூசைராசு செத்துப்போனான்.

சனிக்கிழமை வக்கீல் பரஞ்சோதியிடம் சாட்சியத்தின் நகல் வந்தது. அவர் அதை முத்திருளாயிக்குப் படித்துக் காட்டினார். "சம்பவ நாளில் எதிரி கொம்பையா பணியில் இருந்தார். வெடிமருந்து வெயிலில் பரப்பப்பட்டது. நான் அதைப் பார்த்தேன்." கோர்ட்டுப் பாஷையில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவன்.

"அம்புட்டுத்தானா?" என்றாள் முத்திருளாயி.

"அம்புட்டுத்தான்."

"சாவி?"

பரஞ்சோதி தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் பார்த்தார். அந்தத் தாளில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அந்த மூன்று வரியும் சேர்ந்து கொம்பையாவைச் சிறையில் வைக்கப் போதும்.

"தப்பு என்மேலயும் இருக்கும்மா. நான் அந்நேரம் பக்கத்துக் கோர்ட்டுல இருந்தேன். அங்கேயே நின்னு ஆட்சேபம் சொல்லியிருக்கணும். இப்போ திரும்பக் கூப்பிட்டு விசாரிக்கச் சொல்லலாம்னா, கூப்பிட ஆள் இல்ல. திங்கட்கிழமை தீர்ப்பு."

"பொட்டல் தெருவே கேட்டுச்சே வக்கீலய்யா, குழாயில."

"கேட்டவங்கள நானும் விசாரிச்சேன். சாவி இடுப்புலங்கிறா ஒருத்தி, மேசையிலங்கிறா ஒருத்தி. சூசைராசு அழுதான்னு ஒருத்தர், சிரிச்சான்னு ஒருத்தர். இதக் கொண்டுபோய் நான் எங்க நிறுத்த?"

"அப்பிடீன்னா அந்தத் தண்ணியவே கொண்டாந்தா?"

பரஞ்சோதி பதில் சொல்வதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள்.

பொட்டல் தெருவில் வீடு வீடாகக் கேட்டாள். செவ்வாய்க்கிழமைத் தண்ணீர் யாரிடமும் இல்லை, ஏனென்றால் அந்தச் செவ்வாய்க்கிழமை யாரும் தங்கள் வீட்டுக்குப் பிடிக்கவே இல்லை. ஒரு வீட்டில் விசேஷம் என்றால் அந்த வாரத் தண்ணீரை அந்த வீட்டுக்கே விட்டுக்கொடுத்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம், மற்றவர்கள் அடுத்த தெருவில் கடன் குடம் வாங்கிச் சமாளித்துக்கொள்வார்கள். அந்த வாரம் குருவம்மா மகளுக்குச் சடங்கு. ஞாயிற்றுக்கிழமை பந்தி. இத்தனை குடமும் குருவம்மா வீட்டில்தான் இருக்கிறது, ஓடு ஓடு என்றார்கள்.

முத்திருளாயி ஞாயிறு காலை குருவம்மா வீட்டுக்குள் நுழைந்தபோது சமையலுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள், கொல்லையில் குடங்களைச் சாய்த்து அண்டாவில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். "ஊத்தாதீக!" என்று அவள் போட்ட சத்தத்தில் சமையல்காரர் கரண்டியைக் கீழே போட்டார். ஆனால் அவர்கள் ஊற்றிய தண்ணீரில் எந்தச் சத்தமும் இல்லை. கண்ணாடிபோல் தெளிந்து, வாய் திறக்காமல் அண்டாவில் விழுந்தது.

"இதுவா செவ்வாக்கெழமத் தண்ணி?" என்றாள் முத்திருளாயி.

"அதேதான் மதினி" என்றாள் குருவம்மா. "ஒரே செம்மண்ணா வந்துச்சா, வந்தவக குடிக்கிற தண்ணியாச்சேன்னு நேத்துத்தான் எல்லாக் குடத்துலயும் தேத்தாங்கொட்டைய ஒரசி விட்டேன். பாருங்க, எப்பிடித் தெளிஞ்சிருக்கு."

தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரசிவிட்டால் மண்ணெல்லாம் அடியில் படிந்து தண்ணீர் தெளிந்துவிடும், எங்கள் ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரிந்ததுதான், பேசுகிற தண்ணீருக்கு அதைச் செய்யலாமா கூடாதா என்று யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை. முத்திருளாயி அண்டாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தெளிந்த தண்ணீரைக் கையில் அள்ளி அள்ளி விட்டாள், அது பேசவில்லை. "நல்லதுன்னு நெனச்சுச் செஞ்சேனே, நல்லதுன்னு நெனச்சு" என்று குருவம்மா சொல்லிச் சொல்லி, கை என்ன செய்கிறதென்று தெரியாமல், தெளிவை இறுத்த குடம் ஒன்றைத் தூக்கி அதன் அடியில் கிடந்த மண்டியை வாழைமரத்து மூட்டில் ஊற்றினாள்.

"அடுத்த சாட்சியைக் கூப்பிடுங்க. சீக்கிரம், சீக்கிரம்" என்றது மண்டி, சிதம்பரதாணுவின் குரலில்.

கொல்லையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். பேச்செல்லாம் மண்ணோடு சேர்ந்து அடியில் போய் இறங்கியிருந்தது. தெளிவை இறுத்த மற்றக் குடங்களின் அடியிலும் மண்டி இன்னும் கலையாமல் கிடந்தது, எதில் சூசைராசு இருக்கிறான் என்று தெரியாது, ஊற்றிப் பார்த்தால் தீர்ந்துபோகும். முத்திருளாயி முதல் குடத்தைக் கொஞ்சமே கொஞ்சம் சாய்த்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள். "யுவர் ஆனர்" என்றது. இரண்டாவது குடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம். மூன்றாவதில் ஒன்றும் கேட்கவில்லை, நாலாவதில் ஒரு பெண் குரல் ஏதோ ஊர்ப் பேரைச் சொன்னது. ஐந்தாவது குடத்திலிருந்து விழுந்த சொட்டு இருமியது.

அந்த இருமலைக் கேட்டதும் அவள் குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். வியாழக்கிழமை செத்துப்போன மனிதனின் இருமல் அது. குருவம்மா குடத்து வாயில் துணியால் வேடு கட்டி, சடங்கு வீட்டிலிருந்து வெறுமனே போகக் கூடாது என்று அதன் கழுத்தில் ஒரு கொத்து மஞ்சளையும் கட்டிவிட்டாள். அன்றைக்குப் பந்தியில் யாரும் சாம்பாரைப் பற்றிக் குறை சொல்லவில்லை, யாரும் சாம்பாரைக் கவனிக்கவே இல்லை.

திங்கட்கிழமை அவள் ஆட்டோவில் ஏறவில்லை. ஆட்டோ குலுக்கினால் மண்டி கலங்கிவிடும் என்று மூன்று கிலோமீட்டரும் இடுப்பில் குடத்தோடு நடந்தாள், அவளுக்கு முன்னால் போய் ரோட்டில் கிடந்த கல்லைத் தள்ளிவிட்டுக்கொண்டே பொட்டல் தெரு நடந்தது, பின்னால் கீழத்தெரு நடந்தது. கோர்ட்டு வாசலில் நின்ற போலீஸ்காரர் மறித்தார்.

"உள்ள தண்ணி பாட்டிலுக்கே அனுமதியில்லம்மா."

"இது தண்ணியில்லண்ணே, மண்டி" என்றாள் முத்திருளாயி. மண்டிக்குத் தடை உண்டா என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை, யாரிடம் கேட்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் உள்ளே போய்விட்டாள்.

கொம்பையா இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் கூண்டில் நின்றான், குடத்தோடு வருகிற பெண்டாட்டியைப் பார்த்து இவளுக்கு என்ன ஆகிவிட்டது என்று பயந்தான். சிதம்பரதாணுவின் முன்னால் தீர்ப்பு டைப் அடித்துத் தயாராக இருந்தது. அவர் வாசிக்கத் தொடங்கும் முன் பரஞ்சோதி எழுந்து, வியர்த்துக்கொண்டே, சாட்சி சூசைராசு சொன்னது முழுமையாகப் பதிவாகவில்லை என்றும், சொன்னது இந்தக் குடத்தில் இருக்கிறது என்றும், அதைக் கோர்ட்டு கேட்க வேண்டும் என்றும் சொன்னார். அரசு வக்கீல் குதித்தெழுந்தார். குடத்துக்குச் சட்டத்தில் இடமில்லை, மண்டிக்குச் சட்டத்தில் இடமில்லை, இது குட்டையைக் குழப்பி மீன் பிடிக்கிற வேலை என்றார். அவர் சொன்னது சரிதான். எந்தச் சட்டப் புத்தகத்திலும் குடத்துக்கு இடமில்லை.

சிதம்பரதாணு வெளியே ஜன்னல்களில் அப்பியிருந்த முகங்களைப் பார்த்தார். இந்த ஐந்து நாளாக அவரும் நிம்மதியாக இல்லை என்றும், குழாய் ஊமையாகிப்போன பிறகு அவர் வீட்டில் சாப்பாட்டு வேளையில் பேச்சே இல்லை என்றும் சொல்லிக்கொண்டார்கள். அவர் முத்திருளாயியைக் கேட்டார்.

"இதுல என்னம்மா இருக்கு?"

"சூசைராசு இருக்காரு அய்யா" என்றாள் அவள். "நீங்களும் இருக்கீக."

அரசு வக்கீல் மறுபடியும் எழுந்தார், ஜட்ஜ் அவரை உட்காரச் சொல்லிக் கை காட்டினார். பிறகு தீர்ப்புத் தாளை ஓரமாகத் தள்ளிவிட்டு, டைப்பிஸ்ட்டை அடிக்க வேண்டாம் என்றார், வெள்ளைத் தாள் கேட்டார், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். கீழே ஒரு காலி வாளி வைக்கச் சொன்னார்.

அன்று சாயங்காலமே கொம்பையா வீட்டுக்கு வந்தான் என்பதும், குவாரி முதலாளியைத் தேடிப் போலீஸ் போனது என்பதும், சிதம்பரதாணு தன்மேல் தானே மேலிடத்துக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினார் என்பதும், நாலு மாதத்தில் அவருக்கு மாற்றல் வந்தது என்பதும் ஒட்டப்புளியில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாராவது வெளியூர்க்காரர் வந்து கேட்டால் நாங்கள் அதையெல்லாம் சொல்வதில்லை, அந்த முக்கால் மணி நேரத்தைத்தான் சொல்கிறோம்.

முத்திருளாயி வேடு கட்டிய துணியை அவிழ்த்துக் குடத்தைச் சாய்த்தாள். மண்டி கெட்டியாக, நூலாக இறங்கியது. சூசைராசு இருமினான். சிதம்பரதாணு, சாட்சி இருமுகிறார் என்று எழுதினார். "அய்யா, அன்னைக்கு கொம்பையாண்ணன்" என்று சூசைராசு தொடங்கினான், அவன் சொன்னதை அவன் சொன்ன மாதிரியே ஜட்ஜ் எழுதினார், சாவி என்று எழுதினார், இடுப்பு என்று எழுதினார், கையெடுத்துக் கும்பிட்டாரு என்பதைக் கும்பிட்டார் என்று எழுதிவிட்டு அடித்துத் திருத்தி மறுபடியும் கும்பிட்டாரு என்றே எழுதினார். கொம்பையா கூண்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். செத்துப்போன ஒருவன் தனக்காக மூச்சைத் திணறித் திணறிச் சேர்த்துப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு வேறு எப்படி நிற்பது?

"நான் பாத்தேன்" என்று சூசைராசு முடித்தான். குடத்தில் இன்னும் ஒரு கை மண்டி இருந்தது. முத்திருளாயி சாய்ப்பதை நிறுத்தினாள். வக்கீல் பரஞ்சோதி, போதும், வேண்டியது கிடைத்துவிட்டது, நிறுத்து என்று கண்ணைக் காட்டினார், டைப்பிஸ்ட் தலை குனிந்துகொண்டார்.

சிதம்பரதாணு பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா நிறுத்திட்டீங்க?"

"இனி வாரது உங்க கொரலுய்யா" என்றாள் அவள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் மாட்டிக்கொண்டார், எழுதி முடித்த தாளை ஓரமாக வைத்துவிட்டுப் புதுத்தாள் ஒன்றை முன்னால் இழுத்தார்.

"தெரியும். ஊத்துங்க" என்றார். "மெதுவா ஊத்துங்கம்மா. ஒரு வார்த்தகூட விட்டுறக் கூடாது."

முத்திருளாயி குடத்தைச் சாய்த்தாள், அவர் எழுதத் தொடங்கினார்.